கம்பி, பஞ்சு, நாற்பது பவுண்டு: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு, மின்சிகரெட்டைச் சுற்றியே அமைந்திருந்தன. அவற்றுள் ஒன்று கடல் கடந்து வந்தது; அதற்குத்தான் இடம் மிகுதியாகத் தேவைப்பட்டது. மற்ற மூன்றையும் அதன்பின் வரிசையாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் சிங்கப்பூரின் ஈசூனில் பிறந்து வளர்ந்தவன். மூன்று ஆண்டுகளாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்க்கிறேன். பதினோர் ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன், சென்ற ஆண்டு அதை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினேன். அதில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளைக் கடையில் வாங்கினால் ஒன்று மூன்று பவுண்டு. பத்து நாளைக்கு மேல் உழைப்பதில்லை. சுருளைத் தாங்கும் பாகமான அட்டமைசரில், சுருளை நாமே கட்டிக்கொள்ளும் வகையை வாங்கினால் செலவு குறையும் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். 18650 என்னும் உருளை வடிவப் பேட்டரி ஒன்றைப் போட்டு, வாட் அளவை மாற்றிக்கொள்ளும் பெட்டி என்னிடம் இருக்கிறது. நாற்பது பவுண்டுக்கு மேல் செலவழிக்க இயலாது. கடைக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். முதல் அட்டமைசராக எதை வாங்கலாம்? (பெயர் வேண்டாம், லீட்ஸ்)

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் ஊரில் இது பதினெட்டு வயது நிரம்பியவர் சட்டப்படி வாங்கும் பொருள். சிகரெட்டை விடுவதற்கு உதவும் கருவியாக அங்குள்ள தேசியச் சுகாதாரச் சேவையே இதைச் சொல்கிறது. இந்த இதழ் அச்சாகும் சிங்கப்பூரிலோ இதை வைத்திருப்பதும் குற்றம், இதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். ஆகவே எந்த நிறுவனத்தின் பெயரையும், எந்தக் கடையின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அதனால் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பெயர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. நல்ல அட்டமைசரின் அமைப்பு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. நான் புகைப்பவனும் அல்லன். என் அக்காள் மகன் பர்மிங்ஹாமில் இருக்கிறான். சென்ற கோடையில் அவனுடைய மேசையருகே அமர்ந்து பார்த்துக் கற்றதும், பள்ளியில் படித்த மின்னியலும்தான் இப்பதிலுக்கு முதல்.

உங்கள் கணக்கு சரிதானா என்று முதலில் பார்ப்போம். பத்து நாளைக்கு ஒரு சுருள் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு. அதாவது ஏறக்குறைய 110 பவுண்டு. நாமே கட்டும் சுருள் ஒன்றுக்கு ஏழரை சென்டிமீட்டர் கம்பி போதும். பத்து மீட்டர் உள்ள ஒரு கண்டிலிருந்து 130 சுருள்கள் வரும். கம்பிக்கும், சுருளுக்குள் திரியாக வைக்கும் ஒரு பை பஞ்சுக்கும் சேர்த்து ஆகும் செலவு, நீங்கள் இப்போது ஓரிரு மாதங்களில் சுருளுக்குக் கொடுக்கும் பணத்தைத் தாண்டாது. ஆகவே உங்கள் நண்பர் சொன்னது மெய். ஆனால் இந்த மிச்சம், ஓர் அட்டமைசரோடு நின்றுவிடுபவருக்கு மட்டுமே கிடைக்கும். மருமகனுடைய இழுப்பறையில் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறந்தது என்று வாங்கியவை. அன்றாடம் அவன் பயன்படுத்தியதோ இரண்டாவதாக வாங்கியதைத்தான்.

இனி வகைகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இவற்றை மூன்றெழுத்துச் சுருக்கங்களால் அழைக்கிறார்கள். தமிழில் எழுதினால் இருவேறு வகைகளும் 'ஆர்டிஏ' என்ற ஒரே சொல்லாகிவிடும், ஏனெனில் அவர்களுடைய இரண்டு எழுத்தொலிகளுக்கு நம்மிடம் ஒரே டகரம்தான் உண்டு. தமிழர் இருவர் தொலைபேசியில் பேசி, ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றை வாங்கிவந்த கதையும் எனக்குத் தெரியும். ஆகவே இங்கே சொட்டு வகை, தொட்டி வகை என்றே எழுதுகிறேன். சொட்டு வகையில் திரவத்துக்குத் தனி இடம் கிடையாது. மூடியைக் கழற்றியோ வாய்முனை வழியாகவோ பஞ்சின்மேல் சில சொட்டு விடுவீர்கள், சில இழுப்புக்குப்பின் மீண்டும் விடுவீர்கள். தொட்டி வகையில் சுருளைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதில் உள்ள திரவத்தைத் திரியின் நுனிகள் தாமே உறிஞ்சிக்கொள்ளும்.

சுருள் கட்டப் பழகுவதற்கு எளியது சொட்டு வகை என்பதில் ஐயமில்லை. திரியைச் சற்றே தவறாக வைத்தாலும் அது ஒழுகாது. மூடியைத் திறந்தால் உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். விலையும் பெரும்பாலும் குறைவு. முதலில் அதைத்தான் வாங்க வேண்டும் என்று பலர் சொல்வது இதனால்தான். ஆயினும் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இரவு வேலையில் கையுறையோடு நிற்பவர், இடைவேளையில் ஐந்து நிமிடம் வெளியே வருபவர், அந்த ஐந்து நிமிடத்தில் குப்பியைத் திறந்து சொட்டு விட்டுக்கொண்டிருக்க முடியாது. இரண்டே வாரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கடைச் சுருளுக்குத் திரும்பிவிடுவீர்கள். அப்போது நாற்பது பவுண்டும் வீண். கற்பது சற்றுக் கடினமானாலும் தொட்டி வகையை வாங்குங்கள். ஒற்றைச் சுருளுக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். இரட்டைச் சுருள் வைப்பதற்கு இரண்டும் ஒரே அளவாய் அமைய வேண்டும், கம்பியும் பஞ்சும் இரட்டிப்பாகும், திரவமும் பேட்டரியும் விரைவில் தீரும். சிக்கனத்துக்கும் அதற்கும் உறவே இல்லை.

அடுத்தது இழுக்கும் முறை. சிகரெட்டுக்குப் பழகியவர்கள் புகையை முதலில் வாயில் நிறைத்து, அதன்பிறகே நெஞ்சுக்குள் இறக்குவார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஏற்றது குறுகிய காற்றுவழியும் ஓர் ஓமுக்கு மேற்பட்ட மின்தடையுள்ள சுருளும் 10 முதல் 15 வாட் வரையிலான குறைந்த ஆற்றலும். நேரே நெஞ்சுக்குள் இழுத்து மேகம்போல் ஊதுபவர்களுக்கோ அகன்ற காற்றுவழி, குறைந்த மின்தடை, பன்மடங்கு ஆற்றல் எல்லாம் வேண்டும். இரண்டாவது முறையில் திரவம் நாளொன்றுக்குப் பல மில்லிலிட்டர் போய்விடும். சுருளில் மிச்சம் பிடித்ததைத் திரவத்தில் விட்டதாகும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் முறைக்கு வாங்கிய, நிகோட்டின் மிகுந்த திரவத்தை அகன்ற காற்றுவழி உள்ள கருவியில் ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் இருக்கக்கூடாது, நிகோட்டின் உள்ள குப்பி 10 மில்லிலிட்டரையும் தொட்டி 2 மில்லிலிட்டரையும் தாண்டக்கூடாது என்பது 2016இல் வந்த ஒழுங்குமுறை. எனவே அங்கே விற்கும் தொட்டி சிறிதாக இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். குறுகிய இழுப்புக்கு 2 மில்லிலிட்டர் நெடுநேரம் வரும்.

கடையில் ஓர் அட்டமைசரைக் கையில் எடுத்தால் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது அதன் மேனியழகையன்று, உள்ளே சுருளைத் தாங்கும் தளத்தை. மூடியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கம்பியின் கால்களைப் பிடிக்கும் இரண்டு தூண்களும் அவற்றின் திருகுகளும் எப்படி இருக்கின்றன? திருகின் தலை பெரிதாக, திருப்புளி நன்றாகப் பதியும்படி இருக்க வேண்டும். ஊசிமுனை போன்ற சிறு திருகுகள் நான்காவது முறையிலேயே தேய்ந்து வழுக்கும். அதற்குப்பின் அந்த அட்டமைசர் வெறும் உலோகத் துண்டுதான். கால்களைத் துளைக்குள் நுழைத்துப் பிடிப்பதைவிட, பக்கவாட்டில் செருகித் திருகுத் தலைக்கு அடியில் அமுக்கிப் பிடிக்கும் அமைப்பு புதியவருக்கு எளிது. கம்பி நழுவாது, அறுபடாது. இரு கால்களும் சுருளிலிருந்து இயல்பாக இறங்கும் இடத்திலேயே தூண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கம்பியை வளைத்து நெளித்துக் கொண்டுபோக வேண்டிய தளம் அனுபவசாலிகளுக்கானது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த சோதனை. அடியிலிருந்து வரும் காற்று நேரே சுருளைத் தொடுவதால் சுவை நன்று என்பார்கள். ஆனால் திரி சரியாக அமையாத நாளில் திரவம் அதே துளை வழியாக உங்கள் சட்டைப்பைக்குள் வந்துசேரும். காற்றுத் துளையை மேலே வைத்து, காற்றை உள்ளே கீழிறக்கிச் சுருளுக்குக் கொண்டுவரும் அமைப்பும் உண்டு. அது ஒழுகுவது அரிது. கற்றுக்கொள்ளும் காலத்தில் சிறிது சுவை குறைந்தாலும் மேல்துளையே மேல்.

பிற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிப்பகுதியைப் பெட்டியோடு இணைக்கும் திருகுமறை, 510 என்று வழங்கப்படுவதாக இருக்க வேண்டும். உங்கள் பெட்டியின் மேல்முகப்பிலும் அதுவே இருக்க வேண்டும். அட்டமைசரின் விட்டம் பெட்டியின் முகப்பைவிட அகலமாக இருந்தால் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 22 மில்லிமீட்டர் விட்டம் பெரும்பாலான பெட்டிகளில் அடங்கும். உடல் துருப்பிடிக்காத எஃகில் ஆனதாக இருக்கட்டும். அட்டமைசர் வரும் அட்டைப்பெட்டிக்குள் மாற்று ரப்பர் வளையங்களும் திருகுகளும் கண்ணாடியும் தருகிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி உடைவது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது.

போலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஐரோப்பாவில் செய்த விலையுயர்ந்த அட்டமைசரின் உருவத்தை அப்படியே எடுத்து, அதன் முத்திரையையும் பொறித்து, பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பவை உண்டு. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் உலோகம் எதுவென்று சொல்வார் இல்லை, மறை பிசகினால் கேட்பாரும் இல்லை. வெப்பத்தில் வைத்து மூச்சோடு உள்ளிழுக்கும் பொருளில் அந்தத் துணிவு வேண்டாம். தம் பெயரிலேயே செய்து விற்கும் நிறுவனங்களின் எளிய ஒற்றைச் சுருள் தொட்டிகள் ஏறக்குறைய 20 முதல் 30 பவுண்டுக்குள் கிடைக்கின்றன. அதற்கு 25 ஒதுக்குங்கள். மீதிப் பதினைந்தில் ஒரு கண்டு கம்பி, ஒரு பை பஞ்சு, பீங்கான் முனை உள்ள இடுக்கி, நுனிவரை கூர்மையாக வெட்டும் சிறு வெட்டி ஆகியவற்றை வாங்கிவிடலாம். வெட்டியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். காலின் நுனி அரை மில்லிமீட்டர் நீண்டு நின்று மூடியைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படும். மின்தடையை அளக்கத் தனி மானி வாங்க வேண்டியதில்லை. உங்கள் பெட்டியின் திரையே அதைக் காட்டும்.

கம்பி பற்றி. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கந்தால் ஏ1 என்ற கம்பியையே முதலில் வாங்குங்கள். மின் உலைகளின் வெப்பச்சுருள்களுக்கென்று ஸ்வீடனில் உருவான கலவை அது. சூட்டைத் தாங்கும், வளைத்த வடிவத்தில் நிற்கும், நிக்கல் இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், நிக்கல் கலந்த நைக்ரோமையும் 316எல் எஃகையும் தவிர்க்க வேண்டும். டைட்டேனியம், தூய நிக்கல் ஆகியவை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு உரியவை. அவற்றைச் செஞ்சூடு ஏறக் காய்ச்சவே கூடாது. 28 கேஜ் கம்பியின் குறுக்களவு 0.32 மில்லிமீட்டர், மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம். இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆணியின்மேல் ஏழு சுற்றுச் சுற்றினால், கால்களோடு சேர்த்து ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் செலவாகும், மின்தடை 1.3 ஓம் அளவில் நிற்கும். அதற்கு 12 வாட் கொடுத்தால் சுருளில் ஓடுவது மூன்று ஆம்பியர்தான். எந்த நல்ல பேட்டரியும் இதைச் சிரமமின்றித் தரும்.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற ஓம் விதியை மறுமுனையிலிருந்து பாருங்கள். முழுதாக மின்னேற்றிய 18650 பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருள் 0.2 ஓம் என்றால் கணக்குப்படி 21 ஆம்பியர். தொடர்ந்து 20 ஆம்பியர் தரக்கூடியது என்று நேர்மையாக அச்சிட்ட பேட்டரிக்கே அது எல்லைக்கு வெளியே. பொய்யாக அச்சிட்ட பேட்டரிகளோ சந்தையில் நிறைய. பெட்டியில் உள்ள மின்சுற்று இதைக் கண்டு நிறுத்திவிடும். மின்சுற்றே இல்லாத, வெறும் குழாயும் பொத்தானுமாக உள்ள மெக்கானிக்கல் வகையில் நிறுத்துவார் எவரும் இல்லை. விலை குறைவு என்று யாரேனும் அதை நீட்டினால், முதல் ஆண்டில் தொடாதீர்கள். பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் புது உறை போட்ட பிறகே பயன்படுத்துங்கள். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் பேட்டரியைத் தனியாகப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வெடித்த பேட்டரிகளைப் பற்றி வரும் செய்திகளுள் பல, சட்டைப்பையில் கிடந்த உதிரிப் பேட்டரியைப் பற்றியவை.

சுருளைத் தளத்தில் பூட்டியதும் திரையில் மின்தடையைப் பாருங்கள். எண் நிலையாக நில்லாமல் ஏறி இறங்கினால் திருகு தளர்ந்திருக்கிறது. பிறகு பஞ்சு வைப்பதற்கு முன், குறைந்த ஆற்றலில் பொத்தானை ஒரு நொடி அழுத்தி விடுங்கள். செம்மை நடுச்சுற்றில் தொடங்கி இருபுறமும் ஒரே சீராகப் பரவ வேண்டும். ஏதேனும் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஒளிர்ந்தால், ஆறவிட்டு, பீங்கான் இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடி, நெருக்கிப் பிடித்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

திரி வைப்பதுதான் இதில் உள்ள கைத்திறம் முழுவதும். தொட்டி ஏன் ஒழுகாமல் நிற்கிறது என்று தெரிந்தால் திரியை எவ்வளவு வைப்பது என்பதும் தெரிந்துவிடும். கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த குப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே வெற்றிடம் ஏற்படுவதால் தண்ணீர் தட்டில் ஓர் அளவோடு நின்றுவிடும், குஞ்சு குடித்தால் ஒரு காற்றுக்குமிழ் உள்ளே ஏறும், அந்த அளவுக்குத் தண்ணீர் இறங்கும். இங்கே தட்டுக்குப் பதிலாகத் திரியின் நுனிகள் அந்த வாயை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சு குறைவாக இருந்தால் காற்று தாராளமாக உள்ளே போகும், திரவம் வெள்ளமாக வெளியே வரும். திணித்து அடைத்தால் குமிழே ஏறாது, திரவம் வராது, சுருள் பஞ்சைக் கருக்கும். சுருளுக்குள் பஞ்சை இழுக்கையில் சுருளின் வடிவம் குலையாமல் மெல்லிய தடை தெரிந்தால் அளவு சரி. இருபுறமும் நுனிகளைத் தளத்தின் விளிம்பளவு வெட்டி, ஊசியால் கோதித் தளர்த்தி, திரவம் வரும் வாய்க்காலின் அடியைத் தொடுமளவுக்கு மட்டும் இறக்கிவிடுங்கள், குத்தி அடைக்காதீர்கள். திரவத்தால் பஞ்சை முழுதும் நனைத்தபின் மூடி, நிரப்பி, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். நிரப்பும்போது காற்றுவழியை மூடிவையுங்கள். மூடியைத் திறந்த கணமே அந்த வெற்றிடம் போய்விடுகிறதல்லவா?

முதல் மூன்று நான்கு முறை தவறும். அதை மனத்தில் வைத்துத்தான் கம்பியும் பஞ்சும் அவ்வளவு மலிவாய் அமைந்திருக்கின்றன என்று மருமகன் சொல்வான். கருகிய சுவை வந்தால் அடுத்த இழுப்பு வேண்டாம். திரவம் எட்டாத சூட்டில் கிளிசராலும் புரொப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளாகின்றன. அந்தக் காரல் உங்கள் நாக்கு தரும் எச்சரிக்கை. நிகோட்டின் திரவக் குப்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கு ஈசூன் வருவதாக இருந்தால், அட்டமைசர், பெட்டி, திரவம் என எதையும் பெட்டிபடுக்கையில் வைக்காமல் லீட்ஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சிங்கப்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் பயணியும் மின்சிகரெட்டைக் கொண்டுவரக்கூடாது. விடுமுறை நாள்களுக்கு நிகோட்டின் ஒட்டுப்பட்டையோ மெல்லும் பசையோ போதும். அவை இங்கே மருந்தகங்களில் கிடைக்கின்றன.

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவனுடைய துணிப்பையில் விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய் இருந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு சிறு தூண்களும், கம்பிச் சுருளும், பழுப்பேறிய பஞ்சும். கேட்டால், "இது மின்சிகரெட் இல்லையம்மா, பேட்டரியே இல்லாத வெறும் பாகம், இதற்குத் தண்டனை கிடையாது" என்கிறான். உண்மையா? (ஒரு தாய், அங் மோ கியோ)

பதில்: அம்மா, மேலே லீட்ஸ் வாசகருக்கு விவரித்த பொருள்தான் உங்கள் கையில் இருப்பது. பேட்டரி இல்லை என்று மகன் சொன்னது மெய். தண்டனை இல்லை என்பது பொய். சிங்கப்பூர்ச் சட்டம் முழுக் கருவியை மட்டும் தடுக்கவில்லை, அதன் பாகங்களையும் சேர்த்தே தடுக்கிறது. வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது மூன்றும் 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். அப்போதே 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்க வழி செய்யப்பட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று நடவடிக்கை மேலும் கடுமையாயிற்று: முதல்முறை பிடிபடும் பெரியவருக்கு 700 வெள்ளி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு 500 வெள்ளி என்றும், மீண்டும் பிடிபட்டால் மறுவாழ்வுத் திட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்றும் அறிவித்தார்கள். அதே நாளில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 'சி' வகைப் போதைப்பொருளாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செய்தித்தாள்களில் 'கேபாட்' என்று படித்திருப்பீர்களே, அது இந்த மருந்து கலந்த திரவம் அடைத்த குப்பி.

பழுப்பேறிய பஞ்சைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இனிப்புச் சுவையூட்டி கலந்த எந்தத் திரவமும் பஞ்சை அப்படிப் பழுப்பாக்கும். ஆனால் அதில் இருந்தது என்னவென்று நிறத்தையோ மணத்தையோ கொண்டு சொல்ல எவராலும் இயலாது. மகனிடமே கேட்க வேண்டும், அதுவும் சண்டை ஓய்ந்த பிறகு. பொருளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சமூக மன்றங்களில் 2025 ஆகஸ்ட்டில் இதற்கென்றே தொட்டிகள் வைத்தார்கள், அவற்றில் போடுபவர்மீது நடவடிக்கை இல்லை. விடுவதற்கு உதவி கேட்டுத் தாமாக முன்வருபவருக்கும் தண்டனை இல்லை என்று சுகாதார அமைச்சு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விமானம் ஏறும் நாள்வரை பையில் கிடக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். வார இறுதியில் ஜொகூர் பாருவில் நண்பர் வீட்டுக்குப் போவது வழக்கம். கருவியை அங்கேயே வாங்கி அங்கேயே வைத்துவிட்டால் என்ன? சிகரெட் விலைக்கு இது எவ்வளவோ மலிவாயிற்றே. (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: மலேசியாவில் மின்சிகரெட் விற்பனை பல மாநிலங்களில் நடந்தாலும், ஜொகூர் அதை 2016 முதல் தடுத்துவிட்ட மாநிலம். எனவே அங்கே உங்களுக்கு விற்பவர் மறைவாக விற்பவர். குப்பியில் இருப்பதற்கு அவர் பொறுப்பேற்கமாட்டார். மலிவு என்பதும் பாதிக் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் அங்கே இதை இழுத்து, ஐந்து நாள் இங்கே சிகரெட்டும் பிடித்தால் நிகோட்டின் ஏழு நாளும் தொடரும், செலவு இரண்டாகும். லீட்ஸ் வாசகர் சிகரெட்டை அறவே விட்டபின் மாறியவர்; உங்கள் நிலை வேறு. சிகரெட் செலவைக் குறைப்பதே நோக்கமானால் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 28 நாள் 'ஐ குவிட்' திட்டத்தில் சேருங்கள். அதற்குப் பாலம் கடக்க வேண்டியதில்லை.

கேள்வி: பேரன் ஒருவன் வெளிநாட்டில் இதைப் பயன்படுத்துகிறான், பஞ்சு கருகிவிட்டது என்று அடிக்கடி குறைப்படுகிறான். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கில் ஒரே பஞ்சுத் திரி மணிக்கணக்கில் எரிகிறதே, இது மட்டும் ஏன் கருகுகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜூரோங்)

பதில்: ஐயா, கேள்வியிலேயே விடைக்குப் பாதி வழி இருக்கிறது. விளக்கில் எரிவது திரியன்று, எண்ணெயின் ஆவி. திரி எண்ணெயை மேலே கொண்டுவந்து தருகிறது. நுனியில் எண்ணெய் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால், நனைந்த பகுதி கருகாமல் நிற்கிறது. நுனியில் ஒரு மணியளவு மட்டும் கருகும், அதைத்தான் தூண்டிவிடுகிறோம். எண்ணெய் வற்றியபின் கவனித்திருப்பீர்கள், சில நொடிகளிலேயே திரி முழுதும் புகைந்து கருகிவிடும்.

பேரனுடைய கருவியில் தீ இல்லை. சுடர் செய்யும் வேலையைக் கம்பிச் சுருள் செய்கிறது. புரொப்பிலீன் கிளைக்கால் 188 பாகை செல்சியஸிலும் கிளிசரால் 290 பாகையிலும் கொதிப்பவை. பஞ்சில் அவை ஊறி நிற்கும்வரை சுருளின் சூடு அவற்றை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். விளக்கிலிருந்து இது வேறுபடுவது வேகத்தில்தான். சுடர் தனக்கு வேண்டிய எண்ணெயை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும்; பொத்தானை அழுத்தும் விரலோ, திரி திரவத்தைக் கொண்டுவரும் வேகத்தைப் பார்ப்பதில்லை. கிளிசரால் மிகுந்த திரவம் தேன்போல் கெட்டியானது, மெதுவாகத்தான் ஏறும். அடுத்தடுத்து நான்கு முறை இழுத்தால் நடுப்பகுதி வறண்டு, ஐந்தாவது இழுப்பில் பஞ்சு கருகும். இரண்டு இழுப்புக்கு நடுவே அரை நிமிடம் விடச் சொல்லுங்கள். அப்போதும் கருகினால் ஆற்றலை இரண்டு வாட் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மேல் கருகினால், பஞ்சைத் திணித்து வைத்திருக்கிறான்.